கை பின்னால்தான் வரும்

புதுக் காருக்கு நான்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள், சக்கரத்துக்கு ஒன்று. நான்கும் சத்தத்தோடு நசுங்கின. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. பூசணிக்காயும் சுற்றிப் போட்டாயிற்று. கண்ணேறுக்கு இதற்கு மேல் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? ஆனாலும் அந்த மாதம் முழுக்க வனிதா பயந்துகொண்டேதான் இருந்தாள். அவள் பயந்தது கண்ணேறுக்கு இல்லை. கண்ணேறு என்றால் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டால் தீர்ந்தது. இது அடுப்பில் போட்டுத் தீர்க்கிற சங்கதி இல்லை.

அவள் புருஷன் முத்துராமன் கத்தாரில் ஓர் அரபி வீட்டில் டிரைவர். பதினொரு வருஷமாக அதே வீடு. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மத்தியானம் கூட்டி வருவது, சாயங்காலம் வீட்டம்மாவைக் கடைக்குக் கொண்டுபோவது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. வந்தால் அப்பாவுடைய பழைய பைக்கை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவான். அடுத்தவன் காரையே ஓட்டுகிறவனுக்குச் சொந்தமாக ஒரு கார் வேண்டும் என்று பல வருஷ ஆசை. இந்த முறை மே மாதம் வந்து இறங்கிய மூன்றாம் நாளே நிறைவேறிவிட்டது. வெள்ளைக் கார்.

புதுக்கோட்டை ஷோரூமில் சாவியைக் கையில் கொடுத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்தார்கள். முத்துராமன் ராஜநடை நடந்து போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் கையை நீட்டித் துழாவினான். ஸ்டீயரிங் இல்லை. இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்திருக்கிறான்! கத்தாரில் ஸ்டீயரிங் அந்தப் பக்கம்தான். ஷோரூமே சிரித்தது. அவனும் சிரித்தான். மகள் கார்முகில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரிலும் அதிகமாகச் சிரித்தது வனிதாதான். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம், 'சிரிச்சேனே பாவி' என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

வரும் வழியில் ஒரு குறையும் இல்லை. முன்னால் பஸ், பின்னால் லாரி, நடுவில் கார் நூல் பிடித்தது போல வந்தது. ஊருக்குத் திரும்ப வேண்டிய முக்கு வந்ததும் முத்துராமன் கை சிக்னல் போடப் போனது. கண்ணாடி மேல் வைப்பர் இரண்டும் எழுந்து சரக் சரக்கென்று ஆடின. மே மாத வெயிலில், பொட்டு மேகம் இல்லாத வானத்தின் கீழே.

"அப்பா, மழை வருது!" என்று பின்னாலிருந்து கார்முகில் கத்தினாள்.

"அங்க சிக்னல் இந்தக் கையில இருக்கும் குட்டி, இங்க அந்தக் கையில இருக்கு" என்றபடி அவன் திருப்பினான். திருப்பிய கார் ரோட்டின் வலது ஓரமாகவே ஊர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது அடி, நூறு அடி. வனிதா முதலில் ஏதோ பள்ளத்துக்கு ஒதுங்குகிறான் என்று நினைத்தாள். பள்ளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"என்னங்க, இங்கிட்டு வாங்க."

"அட ஆமா!" என்று இடது பக்கம் வந்தான். அவ்வளவுதான். அவனுக்கு அது அத்தோடு முடிந்தது. வனிதாவுக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் இலுப்பூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். தினம் ஏழு கிலோமீட்டர் ஸ்கூட்டரில் போய் வருகிறவள். கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு கடையில் வந்து நிற்கிற பாதிப் பேருக்கு ரோடுதான் காரணம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்கைந்து நாளில் புரிந்துவிட்டது. பைக் ஓட்டும்போது அவனுக்கு இந்தப் பிசகு வருவதில்லை. கத்தாரில் வண்டியெல்லாம் ரோட்டின் வலது பக்கம்தான் போகும்; அங்கே அவன் பைக் ஓட்டியதே கிடையாது. கார் ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் கை அங்கே போய்விடுகிறது. அதுவும் கூட்டமான ரோட்டில் இல்லை, அங்கே நாலு வண்டியோடு ஐந்தாவது வண்டியாகப் போய்விடுவான். ஆளில்லாத ரோட்டில், ஒரு முக்குத் திரும்பியதும்தான் வண்டி தானாக வலது பக்கம் ஏறும். ஊரே நெரிசலுக்குப் பயப்படும். வனிதா காலி ரோட்டைக் கண்டு நடுங்கினாள்.

கார் வந்த ஆறாம் நாள் பால்கார மீனம்மாள் மொபெட்டோடு எதிரே வந்தவள், தன் பக்கத்தில் ஒரு கார் ஏறி வருவதைப் பார்த்துப் பதறிக் கருவேலம் புதருக்குள் இறங்கிவிட்டாள். கேனில் இருந்த பால் பாதி கொட்டிப்போயிற்று. "புதுக் காருன்னா ரோடு பூராவும் ஒங்களுக்கா?" என்று அவள் கேட்டதில் தப்பில்லை. முத்துராமன் இறங்கிப் போய் மொபெட்டைத் தூக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்டு, சிரித்துப் பேசி அனுப்பினான். வீட்டுக்கு வந்ததும் வனிதா வாயைத் திறந்தாள்.

"நீங்க அங்க ஓட்டுற மாதிரியே இங்கயும் ஓட்டுறீங்க. எனக்குப் பயமா இருக்கு. இந்த ஒரு மாசத்துக்கு வாடகைக்கு வண்டி ஓட்டுற நிலவழகன டிரைவருக்குக் கூப்புட்டுக்குவோமே."

வந்ததே கோபம் அவனுக்கு. "பதினோரு வருசம் ஒரு கீறல் விழாம ஓட்டுனவன்டி நான். அரபிக்காரன் அவன் புள்ளைகள என்னிய நம்பி அனுப்புறான். எம் பொண்டாட்டி எனக்கு ரோடு சொல்லித் தர்றா! எங் கார ஓட்ட எனக்கே ஒரு டிரைவர் வைக்கணுமோ?"

கடைசியாகச் சொன்னானே, அதில்தான் விஷயம் இருந்தது. பதினொரு வருஷம் பின் சீட்டில் இருப்பவர்களுக்காக ஓட்டியவன். முதல்முறையாகத் தன் காரைத் தான் ஓட்டுகிறான். அதைப் பிடுங்கப் பார்த்தால் யாருக்குத்தான் வலிக்காது? அது வனிதாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, பயம் அதையெல்லாம் கேட்குமா?

மாமனார் வெள்ளைச்சாமியிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "தாயி, ஆனைக்கும் அடி சறுக்கும். ஒண்ணு ரெண்டு தடவ அப்புடித்தான் இருக்கும். எல்லையில அய்யனாருக்குச் சூடம் ஏத்தாம அவன் வண்டிய ஊரத் தாண்ட விடுறானா? அவரு பாத்துக்குவாரு" என்றார். அய்யனார் குதிரையில் போகிறவர். காரில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது?

அதனால் வனிதா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். கார் எங்கே போனாலும் கடைக்கு லீவு போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஒவ்வொரு முக்குத் திரும்பும்போதும், நேராகச் சொன்னால் கோபம் வருமே என்று, "எடது பக்கம் பாருங்க, அந்த வேப்ப மரம் எப்புடித் தழைச்சிருக்கு!" என்பாள். "எடது பக்கம் புதுசா ஒரு வீடு கட்டுறாங்க." "எடது பக்கம் யாரோ தெரிஞ்ச ஆளு போறாப்புல இருக்கு." அவன் கண் இடது பக்கம் போகும், கண்ணோடு கை போகும், கையோடு வண்டி போகும். ஆலங்குடியில் நாத்தனார் வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "ஒனக்கென்னடி, ரோட்டுல உள்ள மரமெல்லாம் இன்னைக்குத்தான் கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேட்டான். அவன் ஒன்றும் மண்டு இல்லை. புரிந்துகொண்டு, புரியாதது போல இருந்தான். ஆனால் கை இடது பக்கம் போயிற்று. அது போதும்.

ராத்திரி கண்ணை மூடினால் வைப்பர் ஆடியது.

முந்தைய லீவுகளில் சுவரில் தொங்கும் நாள்காட்டியை வனிதா கிழிக்கவே மாட்டாள். அவன் வந்த தேதியே கடைசிவரை தொங்கும். கிழித்தால் நாள் போய்விடும் என்று ஒரு பைத்தியக்காரத்தனம். இந்த முறை அவன் பல் தேய்க்கப் போவதற்குள் தாளைக் கிழித்துக் கசக்கிவிடுவாள். இன்னும் பதினாறு, இன்னும் பதினைந்து. இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த புருஷன் எப்போது விமானம் ஏறுவான் என்று எண்ணுகிற நிலைமை எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது. லீவின் பதினெட்டாம் நாள் சாயங்காலம் அவள் கை மறதியாக மறுநாள் தாளையும் சேர்த்துக் கிழித்துவிட்டது. முத்துராமன் பின்னால் நின்றிருந்தான்.

"நாளைக்கு உள்ளதையும் கிழிச்சிட்ட" என்றான். நாள்காட்டியை ஒரு முறை பார்த்துவிட்டு, "நான் எப்படா கெளம்புவேன்னு இருக்கு ஒனக்கு, அதான?" என்றான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். அவன் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்துக்கொண்டு கசங்கிய இரண்டு தாள்களோடு நின்றாள். அன்றிலிருந்து அவன் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். வா, போ, சோறு போடு, அவ்வளவுதான். போகட்டும், ஆள் முழுசாக இருந்தால் போதும், பேச்சு தானாக வரும் என்று அவள் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டாள்.

இருபத்தேழாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தன் கடை மாத்திரையையே போட்டுக்கொண்டு படுத்தவள் அடித்துப்போட்டது போலத் தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது பலபலவென்று விடிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவனும் இல்லை, மகளும் இல்லை. வாசலுக்கு ஓடினாள். கார் நின்ற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லாத சுத்தமான தரை.

"எங்க மாமா?"

வெள்ளைச்சாமி சாவகாசமாகச் சொன்னார்: "வெராலிமலைக்கு மயில் பாக்கப் போறாக. புள்ள ரொம்ப நாளாக் கேட்டுச்சுல்ல? ஒனக்கு ஒடம்புக்கு முடியலன்னு எழுப்ப வேணாம்னுட்டான். இப்பத்தான் கெளம்புனாக. அய்யனார்கிட்ட சூடம் ஏத்திக்கிட்டு இருப்பாக."

போன் போட்டாள். உள்ளே கட்டிலில் அடித்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

விடிகாலை. காலி ரோடு. மெயின் ரோட்டில் ஏற வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பி இருநூறு அடி போனால் கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு வளைவு, எதிரே வருவது கிட்ட வரும்வரை தெரியாது. அந்த நேரத்துக்குத்தான் குவாரியிலிருந்து ஜல்லி டிப்பர்கள் முதல் நடை ஓடும். சொல்லித் திருப்ப முன் சீட்டில் ஆள் இல்லை. வனிதாவுக்குக் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை.

ஸ்கூட்டரை எடுத்தாள். ஊர்த் தார்ச்சாலை கண்மாயைச் சுற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் போய் மெயின் ரோட்டில் ஏறும். கார் அந்த வழியாகத்தான் போக முடியும். கண்மாய்க் கரை மேல் ஆடு போகிற தடம் ஒன்று உண்டு. அது நேராக அந்த வளைவில் போய் இறங்கும். நைட்டியோடு, தலை முடிந்தும் முடியாமலும், கரை மேல் ஸ்கூட்டரை விரட்டினாள். கருவேல முள் கையைக் கிழித்தது. "அய்யனாரப்பா, இன்னும் கொஞ்ச நேரம் அவர அங்கயே நிறுத்தி வையி. சூடம் அணையக் கூடாது. காத்தடிக்காம பாத்துக்க" என்று வாய் விட்டுக் கத்திக்கொண்டே போனாள். கேலி செய்த சாமியிடமே கடைசியில் கையேந்த வேண்டியதாயிற்று.

கரை இறக்கத்தில் நின்று பார்த்தாள். இடப்புறம் தூரத்தில் முக்கு. வெள்ளைக் கார் முக்குக்கு வந்துவிட்டது. அதன் கண்ணாடி மேல் வைப்பர் ஆடியது.

அவ்வளவுதான், அவளுக்குத் தெரிந்துவிட்டது. கார் திரும்பியது, திரும்பி வலது ஓரத்தில் ஏறியது. வலப்புறம் வளைவுக்கு அந்தப் பக்கம் டிப்பர் ஒன்று உறுமிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. கார் வருகிற அதே ஓரம். காருக்கு லாரி தெரியாது, லாரிக்குக் கார் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் ஒருத்திதான். ஸ்கூட்டரைக் கீழே போட்டுவிட்டு ஓடிப் போய் லாரிக்கு நேராக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டாள். கடவுளே என்றுகூட நினைக்கத் தோன்றவில்லை. கார்முகில் பெல்ட் போட்டிருப்பாளா என்று மட்டும் தோன்றியது.

முன்னாலும் பிரேக் சத்தம், பின்னாலும் பிரேக் சத்தம். ஜல்லித் தூசி மூக்கில் ஏறியது. கண்ணைத் திறந்தாள். லாரியின் முகம் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் சூடாக நின்றது.

"ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று தலையை நீட்டிய டிரைவர் மேலே திட்ட வாயெடுத்தவர், அவளுக்குப் பின்னால் தன் ஓரத்திலேயே மூக்கு முட்ட நிற்கும் காரைப் பார்த்தார். முன் சீட்டில், வனிதா உட்காரும் இடத்தில், கார்முகிலைப் பார்த்தார். லாரியை ஒடித்து, காரைச் சுற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது.

முத்துராமன் இறங்கினான். "நடுரோட்டுல ஏண்டி..." என்று ஆரம்பித்தவனுக்குக் கார் நிற்கும் இடம் கண்ணில் பட்டது. ரோட்டைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். வண்டியை எப்படியோ ஓரங்கட்டிவிட்டுப் புளிய மரத்தடியில் போய்க் குத்தவைத்துவிட்டான். வனிதா மகளை இறக்கிக் கட்டிக்கொண்டாள். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா, நீயும் மயில் பாக்க வந்தியா?" என்றது.

கார்முகிலைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு வனிதா அவன் பக்கத்தில் வந்தாள். அவன்தான் முதலில் பேசினான்.

"நாம முன்னாடி வந்துர்றோம் வனிதா. கை பின்னாடிதான் வருது."

"விடுங்க. இன்னும் மூணு நாளு. நிலவழகன வச்சு ஓட்டிக்குவோம். அங்க போயிட்டா ஒங்க பழகுன ரோடு."

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்கிற ஆட்டம் இல்லை அது.

"போன தடவ லீவு முடிஞ்சு போனேன்ல? மறுநா காலைல அரபி புள்ளைக மூணையும் ஏத்திக்கிட்டுக் கெளம்புறேன். முக்குத் திரும்பி நம்மூரு மாதிரி எடது பக்கம் ஏறிட்டேன். எதுக்க ஸ்கூல் பஸ்ஸு. எப்புடி ஒடிச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. புள்ளைக தூங்கிக்கிட்டு இருந்துச்சுக. யாருக்கும் தெரியாது. ஒன்கிட்டயும் சொல்லல."

வனிதா அவன் பக்கம் திரும்பினாள். "அப்பக் காருகூட இல்லியே. பைக்குதான ஓட்டிட்டுப் போனீங்க?"

"அதான்" என்றான் முத்துராமன். "ஒரு மாசம் பைக்கு ஓட்டுனதுக்கே அப்புடி."

அவன் சொல்லாமல் விட்டது அவளுக்குப் புரிந்தது. இந்த முறை ஒரு மாதம் கார். எப்போதடா விமானம் ஏறுவான், ஏறிவிட்டால் பயம் தீர்ந்தது என்று தாள் தாளாகக் கிழித்தாளே! முன் சீட்டில் உட்கார்ந்து இடது, இடது என்று அவன் கையில் ஏற்றியதெல்லாம் இவள்தான். வேப்ப மரத்தையும் புது வீட்டையும் காட்டிக் காட்டி ஏற்றிய அந்த இடது, அவனோடு விமானம் ஏறப் போகிறது. அங்கே எந்த முக்கில், எந்த பஸ் எதிரே வருகையில் அது வேலையைக் காட்டும்? அங்கே முன் சீட்டில் உட்கார்ந்து சொல்ல யார் இருக்கிறார்கள்?

நிலவழகன் வந்து காரை வீட்டில் விட்டுவிட்டுப் போனான்; மீதி மூன்று நாளும் அது நகரவில்லை. நாள்காட்டித் தாளையும் அவள் தொடவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் மருதாணி பறித்து, கொட்டைப்பாக்கு வைத்து அரைத்து, அவனை உட்காரவைத்து வலது கையை நீட்டச் சொன்னாள். விரல் நுனி ஐந்துக்கும் தொப்பி மாதிரி குப்பி வைத்தாள், புறங்கை நடுவில் ஒரு பெரிய வட்டம் வைத்தாள். வெள்ளைச்சாமி பார்த்துவிட்டு, "என்னடா, ரெண்டாங் கல்யாணமா?" என்றார். முத்துராமன் சிரிக்கவில்லை. கையை ஆட்டாமல் அசைக்காமல் காயும்வரை உட்கார்ந்திருந்தான்.

"இது எம்புட்டு நாளு இருக்கும்?" என்று கேட்டான்.

"பதினஞ்சு நாளு. அதுக்குள்ள ஒங்க கை வந்து சேந்துரும்."

நிலவழகன்தான் திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஓட்டினான். முத்துராமன் பின் சீட்டில் மகளுக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தான். உள்ளே போகும்போது கண்ணாடிக்கு அப்பாலிருந்து வலது கையைத் தூக்கிக் காட்டினான். ரத்தச் சிவப்பாகப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை எட்டரை மணி. அங்கே ஆறு. வனிதா மருந்துக்கடை ஷட்டரைத் தூக்கிவிட்டதும் வீடியோ கால் வந்தது. காருக்குள் இருந்தான். பின்னால் சீருடையில் மூன்று பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள்.

"கையக் காட்டுங்க" என்றாள். காட்டினான்.

"அந்தப் பக்கந்தான். முக்குத் திரும்புனதும் அந்தக் கையப் பாத்துக்கங்க."

"ம். எறக்கி விட்டுட்டுக் கூப்புடுறேன்."

போன் அணைந்தது. வெளியே ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் வாங்கிப் படித்தாள், எழுத்து ஒன்றும் ஏறவில்லை. "கொஞ்சம் இருங்கண்ணே" என்று போனை மேசை மேல் நிமிர்த்தி வைத்துவிட்டு, அது அடிக்கட்டும் என்று நின்றாள்.